இதயத்துக்கு ஊரும் இனமும் உண்டா? – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சென்ற இதழில் மாரடைப்பைப் பற்றி எழுதியபோது, இந்நோய் எல்லா ஊரிலும் எல்லா மக்களிடமும் ஒரே அளவில் காணப்படுவதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையின் மற்ற பகுதிகளையெல்லாம் விட்டுவிட்டு, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலான வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து எட்டுக் கேள்விகளாக்கியிருக்கிறேன்.

"அமெரிக்காவில் பக்கவாதத்தால் ஏற்படும் இறப்புகளைக் காட்டும் வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். தென்கிழக்கு மாநிலங்கள் மட்டும் அடர்ந்த நிறத்தில் இருந்தன. ஒரே நாடு, ஒரே மருத்துவக் கல்வி, ஒரே மருந்துகள். அப்படியிருக்க ஏன் இந்த வேறுபாடு?" – நூலகர் ஒருவர்

நீங்கள் பார்த்த அந்தப் பகுதிக்கு 'ஸ்ட்ரோக் பெல்ட்', அதாவது பக்கவாதப் பட்டை என்று பெயர். ஆய்வாளர்கள் அதை 1960களில் கண்டு எழுதினார்கள். பழைய இறப்புப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்ததில், 1940 வாக்கிலேயே அது அங்கே இருந்திருப்பது தெரிந்தது. வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, டென்னசி, ஆர்கன்சா, லூசியானா ஆகிய எட்டு மாநிலங்களைப் பொதுவாக இதில் சேர்ப்பார்கள். இங்கே பக்கவாத இறப்பு விகிதம் நாட்டின் பிற பகுதிகளைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல். இரு கரோலினாக்கள், ஜார்ஜியா ஆகியவற்றின் கடலோரச் சமவெளியில் அது 40 விழுக்காடு வரை போகிறது. அந்தத் துண்டை 'பக்கிள்', அதாவது பட்டையின் கொக்கி என்கிறார்கள்.

காரணத்தைத் தேடி அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்தில் உள்ள ஆய்வாளர்கள் 'ரிகார்ட்ஸ்' என்ற பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 2003 முதல் 2007 வரை, 45 வயதும் அதற்கு மேலும் ஆன 30,239 கறுப்பின, வெள்ளையின மக்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பங்கேற்பவர் மருத்துவமனைக்கு வர வேண்டியதில்லை. ஆய்வுக் குழுவினரே வீடு தேடிப் போய் இரத்த அழுத்தம் அளந்து, இரத்தம் எடுத்துக்கொண்டு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் நலம் விசாரித்தார்கள். மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால், வர முடியாதவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது.

அந்த ஆய்வில் என்னை முதலில் நிறுத்திவைத்த செய்தி வயதைப் பற்றியது. 45 முதல் 54 வயது வரை உள்ளவர்களில், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்குப் பக்கவாதம் வரும் விகிதம் சுமார் நான்கு மடங்கு. 85 வயதைத் தாண்டியவர்களிடமோ அந்த வேறுபாடு இல்லாமலே போய்விடுகிறது. 'சராசரியாக இவ்வளவு மடங்கு' என்று ஒரே எண்ணைச் சொல்லும்போது, உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் விழும் அந்த அடி மறைந்துவிடுகிறது. இன்னொன்றும் தெரிந்தது: இரு தரப்பினரின் இறப்பு விகிதங்களுக்கு இடையே உள்ள இடைவெளி, பக்கவாதம் வந்த பிறகு யார் பிழைக்கிறார்கள் என்பதைவிட, யாருக்கு அது வருகிறது என்பதிலேயே பெரும்பாலும் உருவாகிறது.

அப்படியானால் வருவதற்குக் காரணம் என்ன? உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் போன்ற வழக்கமான காரணிகளையெல்லாம் கணக்கில் எடுத்தாலும், கறுப்பினத்தவரிடம் கூடுதலாகக் காணப்படும் பக்கவாதத்தில் ஏறத்தாழ பாதிக்குத்தான் விளக்கம் கிடைத்தது. வறுத்த உணவு, பதப்படுத்திய இறைச்சி, சர்க்கரை கலந்த பானம் என்று அமையும் தென்னக உணவுமுறையை மிக அதிகமாகப் பின்பற்றியவர்களுக்கு, மிகக் குறைவாகப் பின்பற்றியவர்களைவிடப் பக்கவாத அபாயம் 39 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஒருவர் இன்று எங்கே வசிக்கிறார் என்பதைவிட, பதின்ம வயதில் எங்கே வளர்ந்தார் என்பதற்கும் அபாயத்துக்கும் வலுவான தொடர்பு காணப்பட்டது. ஆகவே, வரைபடத்தில் நீங்கள் பார்த்த நிறம் இன்றைய ஊரின் நிறம் மட்டுமன்று, நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய வாழ்க்கையின் சாயமும் அதில் கலந்திருக்கிறது.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரியதும் அன்று. சீனாவில் பக்கவாதம் தெற்கைவிட வடக்கில் மிகுதி. இந்தியாவில் கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் பக்கவாதமும், பஞ்சாப், கேரளம் போன்ற மாநிலங்களில் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் அடைபடும் இதயத் தமனி நோயும் ஓங்கியிருக்கின்றன.

"கறுப்பினத்தவருக்கு இரத்தக்கொதிப்பு அதிகம் வருவது அவர்களுடைய மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று படித்தேன். உண்மையா?" – ஆராய்ச்சி மாணவர்

இதே கேள்வியை 1990களில் ரிச்சர்ட் கூப்பர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கேட்டார்கள். விடையைக் கண்டுபிடிக்க அவர்கள் கையாண்ட முறை எளிமையானது. மேற்கு ஆப்பிரிக்க முன்னோரின் வழிவந்த மக்களை மேற்கு ஆப்பிரிக்காவிலும், கரீபியத் தீவுகளிலும், அமெரிக்காவின் சிகாகோ நகரை ஒட்டிய பகுதியிலும் ஒரே மாதிரியான கருவிகளால், ஒரே மாதிரியான பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அளந்தார்கள். 1997இல் வெளிவந்த முடிவின்படி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 விழுக்காடு, கரீபியத்தில் 26, அமெரிக்காவில் 33. முன்னோர் ஒன்று, அளவு இரட்டிப்பு. பிறகு 2005இல் ஐரோப்பிய வழித்தோன்றல்களையும் சேர்த்து ஒப்பிட்டபோது, ஜெர்மானியர்களிடம் அமெரிக்கக் கறுப்பினத்தவரைவிட உயர் இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. 'ஜெர்மானிய இரத்தக்கொதிப்பு மரபணு' என்று யாரும் ஒரு கட்டுரைகூட எழுதியதாக நான் பார்த்ததில்லை.

அடிமை வணிகக் கப்பல்களில் நீரும் உப்பும் இழந்து மடிந்தவர்கள் போக, உடலில் உப்பைத் தேக்கிக்கொள்ளும் தன்மை உடையவர்களே பிழைத்தார்கள், அவர்களுடைய சந்ததிதான் இன்றைய கறுப்பின அமெரிக்கர்கள் என்று ஒரு கருத்தும் நெடுநாள் உலவியது. கேட்பதற்குக் கதை போலக் கோவையாக இருப்பதால் அது பரவிவிட்டது. அடிமை வணிகத்தின் வரலாற்றை ஆராய்ந்த பிலிப் கர்ட்டின் 1992இல், அதற்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட வரலாற்றுச் செய்திகள் நிற்கவில்லை என்று காட்டினார்.

சூழல் எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பதற்குக் கென்யாவில் நடந்த ஆய்வு ஒன்று போதும். 1990இல் வெளிவந்த அந்த ஆய்வில், கிராமத்திலிருந்து நைரோபி நகருக்குப் பிழைப்புத் தேடிப் போன லுவோ இன மக்களைத் தொடர்ந்து அளந்தார்கள். கிராமத்திலேயே தங்கிவிட்ட அதே இனத்தவரோடு ஒப்பிட்டால், போனவர்களின் இரத்த அழுத்தம் சில மாதங்களுக்குள்ளேயே உயர்ந்துவிட்டது. சிறுநீரைச் சோதித்ததில் சோடியம் கூடி, பொட்டாசியம் குறைந்திருந்தது, எடையும் ஏறியிருந்தது. மரபணு அதற்குள் மாறியிருக்க முடியாது அல்லவா?

மரபணுவுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இதயத் தசையின் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம், தெற்காசிய மக்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பதும், அது பிற்காலத்தில் இதயச் செயலிழப்புக்கு வழிவகுக்கக்கூடும் என்பதும் 2009இல் தெரியவந்தன. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட மாற்றம், அதைச் சோதித்துப் பார்க்கலாம். தோலின் நிறத்தைப் பார்த்துவிட்டு மரபணுவைப் படித்துவிட்டதாக நினைப்பது வேறு. தமிழில் 'இனம்' என்ற ஒரே சொல்லை நிறத்துக்கும், மொழிக் குழுவுக்கும், விலங்கு வகைக்கும்கூடப் பயன்படுத்துகிறோம். அதனாலேயே இப்பேச்சில் நமக்குக் குழப்பம் சற்றுக் கூடுதல்.

"ஜப்பானியருக்கு மாரடைப்பு குறைவு என்கிறார்கள். அவர்கள் வேறு நாட்டில் குடியேறினாலும் அப்படியேதான் இருக்குமா?" – ஓய்வுபெற்ற ஆசிரியை

1960களின் நடுவில் தொடங்கிய 'நி-ஹோன்-சான்' ஆய்வு இதைத்தான் பார்த்தது. நிப்பான், ஹொனலூலூ, சான் பிரான்சிஸ்கோ என்ற மூன்று பெயர்களின் முதல் அசைகளைக் கோத்து அந்தப் பெயரை வைத்தார்கள். ஜப்பானிலேயே வாழ்ந்த ஆண்கள், ஹவாய்த் தீவில் குடியேறிய ஜப்பானியர், கலிபோர்னியாவில் குடியேறிய ஜப்பானியர் என்று மூன்று குழுக்கள். இதயத் தமனி நோய் ஜப்பானில் மிகக் குறைவாகவும், ஹவாயில் அதைவிடக் கூடுதலாகவும், கலிபோர்னியாவில் இன்னும் கூடுதலாகவும் இருந்தது. பக்கவாதமோ இதற்கு நேர்மாறாக, தாய்நாட்டிலேயே மிகுந்து காணப்பட்டது.

இந்த எதிர்த் திசைப் போக்கைப் புரிந்துகொள்ள இரண்டு இரத்தக் குழாய்களை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் தமனிகள் ஓரளவு பருத்தவை. அவற்றின் உட்சுவரில் கொழுப்பு படிந்து, அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்தால் மாரடைப்பு. மூளையின் ஆழத்துக்குச் செல்லும் குழாய்களோ மயிரிழை போன்றவை. பெரிய தமனியிலிருந்து நேராகப் பிரிந்து போவதால், பெரிய குழாயின் அழுத்தத்தை அந்தச் சிறு குழாய் ஏறக்குறைய முழுதாகவே தாங்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அழுத்தம் மிகுந்தால் அது தடித்து அடைத்துக்கொள்ளும், அல்லது நைந்து கிழியும். அன்றைய ஜப்பானியரிடம் கொலஸ்ட்ரால் குறைவு, ஆகவே முதற்குழாய் தப்பியது. உப்பு மிக அதிகம், ஆகவே இரண்டாம் குழாய் அடிபட்டது. அகிடா போன்ற வடக்கு மாவட்டங்களில் ஒருவர் நாளொன்றுக்கு 20 கிராமுக்கும் மேல் உப்பு உட்கொண்டார். இன்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 5 கிராமுக்கும் குறைவு.

குடியேறியவர்கள் எல்லாரும் ஒன்றுபோல மாறிவிடவும் இல்லை. மைக்கேல் மார்மட், லெனார்ட் சைம் ஆகிய இருவரும் கலிபோர்னியாவில் வாழ்ந்த 3,809 ஜப்பானிய அமெரிக்கரை ஆராய்ந்து 1976இல் எழுதினார்கள். பழைய சமூக உறவுகளையும் வாழ்க்கை முறையையும் விடாமல் வைத்திருந்தவர்களிடம் இதயத் தமனி நோய் ஜப்பானில் இருந்த அளவுக்கே குறைவாக இருந்தது. அமெரிக்க வாழ்க்கைக்கு முற்றிலும் மாறியவர்களிடம் அது மூன்று முதல் ஐந்து மடங்கு. புகை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தும் வேறுபாடு முழுதும் கரையவில்லை. எந்த ஆய்வுக்கூடச் சோதனையிலும் தென்படாத ஒன்று அந்த உறவுகளில் இருந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

தாய்நாட்டிலும் நிலைமை அப்படியே நின்றுவிடவில்லை. 1951 முதல் 1980 வரை ஜப்பானில் இறப்புக்கு முதற்காரணமாகப் பக்கவாதமே இருந்தது. ஊர் ஊராக இரத்த அழுத்தம் அளந்து, உப்பைக் குறைக்கச் செய்து, மருந்தும் கொடுத்ததன் பயனாக அது பெரிதும் தணிந்து, 1981இல் முதலிடம் புற்றுநோய்க்குப் போனது.

"எனக்கு 41 வயது. உயரம் 165 செ.மீ., எடை 66 கிலோ. புகைப்பதில்லை. ஆனாலும் மருத்துவர், 'நீங்கள் தெற்காசிய வம்சாவளி, கவனமாக இருங்கள்' என்கிறார். என் எடை சரியான அளவில்தானே இருக்கிறது?" – கணக்காளர்

உங்கள் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 24.2 வருகிறது. 25க்குக் கீழே இருப்பதால் பொது அட்டவணைப்படி நீங்கள் இயல்பான எடை உடையவர். ஆனால் அந்த அட்டவணை பெரும்பாலும் ஐரோப்பிய மக்களின் உடலமைப்பைக் கொண்டு எழுந்தது. ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5ஐத் தாண்டினால் அபாயம் மிகுதி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கூறியது. ஒரே எடையில் தெற்காசியரின் உடலில் தசை குறைவாகவும், வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதே காரணம். தோலுக்கு அடியில் படியும் கொழுப்பைப் போல அது சும்மா இருப்பதில்லை. கல்லீரலையும் தசையையும் இன்சுலினுக்கு மந்தமாக்கி, நீரிழிவுக்கு இழுத்துச் செல்கிறது.

எனவே எடைபார்க்கும் கருவியைவிட உங்களுக்கு ஓர் அளவுநாடா பயன்படும். சட்டையை விலக்கிவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பு முடியும் இடத்தையும், இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். கால்சட்டை கட்டும் இடம் அதுவன்று. அங்கே அளந்து ஏமாறுபவர்கள் பலர். மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் படியுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

இந்த வேறுபாடு நேற்றுக் கண்டுபிடித்ததும் அன்று. சிங்கப்பூரில் நடந்த பிணப் பரிசோதனைகளின் குறிப்புகளைத் தொகுத்து தனராஜ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1959இல் எழுதிய கட்டுரையில், இந்திய வம்சாவளியினரிடம் இதயத் தமனி நோய், அதே ஊரில் வாழ்ந்த சீன வம்சாவளியினரைவிடப் பல மடங்கு மிகுந்திருந்ததைக் காட்டினார்கள். 1991இல் லண்டனில் வாழும் தெற்காசியரை ஆராய்ந்த மெக்கீகும் அவருடைய குழுவினரும், கொலஸ்ட்ராலோ புகையோ இதை விளக்கவில்லை, இன்சுலின் எதிர்ப்பும் வயிற்றுப் பருமனுமே முன்னால் நிற்கின்றன என்றார்கள்.

ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுவே. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. பிற நாட்டவருக்குச் சுமார் 59. இந்த ஆறு ஆண்டு இடைவெளியை உற்றுப் பார்த்தபோது, நீரிழிவு, புகை, கொழுப்புக் குளறுபடி போன்ற அதே காரணிகள் தெற்காசியரிடம் இளவயதிலேயே வந்து சேர்ந்துவிடுவதே அதில் பெரும்பகுதியை விளக்கியது. இன்ன இனம் என்பதற்காகத் தனியாக ஒரு மாரடைப்பு இல்லை. வழக்கமான மாரடைப்பே முன்கூட்டி வருகிறது. ஆகவே நாற்பது வயதில் இருக்கும் நீங்கள் இரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைச் சோதனை, கொழுப்பு அளவுகள் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. பரம்பரையாக வரும் 'லிப்போபுரோட்டீன் ஏ' என்ற கொழுப்பையும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். அது வாழ்நாள் முழுதும் பெரிதாக மாறாது என்பதால் ஒருமுறை போதும். உங்கள் மருத்துவர் அச்சுறுத்தவில்லை, நாட்காட்டியைச் சில பக்கங்கள் முன்னால் திருப்பியிருக்கிறார்.

"மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கணக்கிடும் கருவிகளில் இனத்தைக் கேட்கிறார்கள். சிலவற்றில் கேட்பதில்லை. எதை நம்புவது?" – செவிலியர் மாணவி

இக்கருவிகளின் மூலத்தாய், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 1948இல் 5,209 பேருடன் தொடங்கிய ஆய்வு. அவர்களில் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர். அந்தக் கணக்கை ஜப்பானியரிடமும் சீனரிடமும் போட்டால் அபாயத்தைக் கூட்டிக் காட்டியது. இக்குறையை நிரப்பத்தான் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் கறுப்பினத்தவருக்கென 5,306 பேரைக் கொண்ட ஆய்வும், அமெரிக்கத் தெற்காசியருக்கென 'மசாலா' என்ற ஆய்வும் பின்னர் எழுந்தன.

2013இல் வந்த அமெரிக்கச் சமன்பாடு வெள்ளையர், கறுப்பினத்தவர் என்ற இரண்டு பெட்டிகளை மட்டும் வைத்திருந்தது. மற்ற எல்லாரும் அவற்றில் ஒன்றுக்குள் நுழைய வேண்டும். 2023இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட 'பிரிவென்ட்' கணக்கு இனத்தை அடியோடு நீக்கிவிட்டு, சிறுநீரகச் செயல்பாட்டைச் சேர்த்து, வசிக்கும் பகுதியின் வறுமை அளவையும் விருப்பத் தேர்வாக வைத்தது. பிரிட்டனின் 'கியூரிஸ்க்' இனத்தையும் கேட்கிறது, அஞ்சல் குறியீட்டின் வழியே வறுமையையும் பார்க்கிறது. எந்த மக்களைக் கொண்டு ஒரு கருவி கட்டப்பட்டதோ, அந்த மக்களிடம் அது நன்றாக வேலை செய்யும். எதைப் பயன்படுத்துவது என்று கேட்கும்போது, இனத்தைக் கேட்கிறதா என்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

"இனத்துக்கு ஏற்ப மருந்தும் மாறுமா?" – மருந்தாளுநர்

சில இடங்களில் மாறுகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரை, ஆசிய வழித்தோன்றல்களின் இரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு அளவில் தங்குவதால், அவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்க வேண்டும் என்று அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே உள்ளது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரையைக் கல்லீரலில் செயல்வடிவாக்கும் நொதி, கிழக்காசியரில் பாதிப்பேருக்கும் மேல் ஏதோ ஒரு வகையில் மந்தமாக இருக்கிறது. 2002இல் வெளிவந்த 'ஆல்ஹாட்' ஆய்வில், குளோர்தாலிடோன் என்ற சாதாரண நீர்பிரிப்பு மாத்திரை உட்கொண்ட கறுப்பினத்தவரைவிட, இரத்த அழுத்தத்துக்கான வேறு வகை மாத்திரையான லிசினோபிரில் உட்கொண்ட கறுப்பினத்தவருக்குப் பக்கவாதம் 40 விழுக்காடு கூடுதலாக வந்தது. ஆனால் இதயச் செயலிழப்போ, நீரிழிவால் சிறுநீரகப் பாதிப்போ இருப்பவருக்கு, இனத்தைக் காட்டி லிசினோபிரில் வகையை மறுப்பது தவறு. அங்கே அதன் பயன் வேறு.

ஒரு மக்களிடம் கண்டது எல்லாருக்கும் மருந்தான கதையும் உண்டு. 'பிசிஎஸ்கே9' என்ற மரபணு செயலிழந்த கறுப்பின அமெரிக்கர் சுமார் 2.6 விழுக்காட்டினர் இருந்தார்கள். அவர்களுக்குக் கெட்ட கொழுப்பு பிறவியிலிருந்தே 28 விழுக்காடு குறைவு. இதயத் தமனி நோயோ 88 விழுக்காடு குறைவு என்று 2006இல் தெரிந்தது. ஐம்பது வயதில் கொழுப்பைக் குறைப்பதைவிட, பிறந்ததிலிருந்தே குறைவாக இருப்பது எவ்வளவு பெரிது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் அறியேன். அந்த மரபணுவின் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் இன்று எல்லா இனத்தவருக்கும் போடப்படுகின்றன.

"இதய நோய் பணக்காரர் நோய் என்பது பழைய நம்பிக்கை. இப்போது எப்படி?" – தொழிற்சங்கப் பொறுப்பாளர்

பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய 'வைட்ஹால்' ஆய்வே அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டது. கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளின் விகிதத்தைப் போலச் சுமார் மூன்று மடங்கு இருந்தது. எல்லாரும் ஒரே நகரத்தில், நிலையான சம்பளத்தில் வேலை பார்த்தவர்கள்.

நாடுகளை ஒப்பிட்டால் இன்னும் கசப்பான விடை வருகிறது. 17 நாடுகளில் 1,56,424 பேரைத் தொடர்ந்து கவனித்த 'பியூர்' ஆய்வு 2014இல் வெளிவந்தது. அபாயக் காரணிகள் பணக்கார நாடுகளில்தான் மிகுதி, ஏழை நாடுகளில் குறைவு. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் அவற்றால் வரும் இறப்பும் ஏழை நாடுகளில்தான் மிகுதி. காரணிகள் குறைவாக இருந்தும் மடிகிறார்கள் என்றால், இடைவெளி சிகிச்சையில் இருக்கிறது. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பு ஏற்பட்ட மூளையில் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. மூளைப் படமெடுக்கும் கருவி இருக்கும் ஊருக்குப் போய்ச்சேரவே ஆறு மணி நேரம் ஆகும் இடத்தில் வாழ்பவருக்கு, அந்த ஊசி இருந்தும் இல்லாததுதான்.

"இந்த வேறுபாடுகளையெல்லாம் எங்கேயாவது குறைத்துக் காட்டியிருக்கிறார்களா?" – வாசகி

காட்டியிருக்கிறார்கள். பின்லாந்தின் வடக்குக் கரேலியா மாவட்டத்தில் 1960களில் ஆண்களின் மாரடைப்பு இறப்பு உலகிலேயே மிக உயர்ந்த நிலையில் இருந்தது. 1972இல் பெக்கா புஸ்கா தலைமையில் வெண்ணெயையும் உப்பையும் புகையையும் குறைக்கும் திட்டம் தொடங்கி, நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடம் அந்த இறப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. வடக்குச் சீனத்தின் 600 கிராமங்களில், சாதாரண உப்புக்குப் பதிலாகக் கால் பங்கு பொட்டாசியம் உப்பு கலந்ததைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவின்படி பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த உப்பைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு. மருத்துவமனைக்கு வர மறுக்கும் கறுப்பின ஆண்கள், முடி திருத்தக் கடைக்கு மட்டும் தவறாமல் வருவதை ரொனால்ட் விக்டர் என்ற மருத்துவர் கவனித்தார். கறுப்பினத்தவரே நடத்திய 52 கடைகள், உயர் இரத்த அழுத்தம் கட்டுக்கு அடங்காத 319 வாடிக்கையாளர்கள். பாதிக் கடைகளில் முடி திருத்துபவர் மருத்துவரைப் பார்க்கும்படி அறிவுரை மட்டும் சொன்னார். மற்றப் பாதியில், வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே மருந்தாளுநர் வந்து, கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் அளந்து, அவருடைய மருத்துவரின் ஒப்புதலோடு அங்கேயே மருந்தைக் கூட்டிக் குறைத்தார். ஆறு மாதம் கழித்து, அறிவுரை கேட்டவர்களின் மேல் அழுத்தம் 9 அளவு இறங்கியிருந்தது. மருந்தாளுநரைப் பார்த்தவர்களுக்கு 27. முதலில் எழுதிய ரிகார்ட்ஸ் ஆய்வை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். மேல் அழுத்தம் 10 கூடினால் வெள்ளையருக்குப் பக்கவாத அபாயம் 8 விழுக்காடு ஏறியது, கறுப்பினத்தவருக்கு 24. கூடும்போது யாருக்கு அதிகம் உறைக்கிறதோ, அவர்களுக்கே இந்தக் கடைகளில் 27 இறங்கியது.

முடிவுகள் 2018இல் வெளிவந்தன. அதே ஆண்டில் விக்டர் காலமானார். ஓராண்டு முடிவில் மறுபடி அளந்தபோதும் மருந்தாளுநர் வந்த கடைகளில் அந்த இறக்கம் 28க்கும் மேல் அப்படியே நின்றது.